நடு ஸ்பீக்கரில் வசனம் வரவில்லை

ஜூன் 9, ஞாயிறு

மில்லில் வருடா வருடம் தரும் டைரி இது. எந்தத் தறிக்கு என்றைக்கு எண்ணெய் விட்டேன், எந்த பேரிங்கை மாற்றினேன் என்று எழுதுவதற்காகத் தருவார்கள். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. டைரி காலியாகக் கிடந்ததால் இன்று முதல் இதை என் டிஸ்க் டைரியாக வைத்துக்கொள்கிறேன்.

டிஸ்க் போட்டுப் படம் பார்க்கும் ஃபோர்-கே பிளேயர் வந்து இறங்கிவிட்டது. கோயமுத்தூர் ரசாக் பாய்தான் வரவழைத்துக் கொடுத்தார். முன்பு உக்கடத்தில் சிடி கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு, என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் டிஸ்க் தருவித்துக் கொடுக்கிறார். வீட்டில் நெட்டில் பார்க்கும் படங்களில் கொஞ்ச நாளாக வசனமே ஒழுங்காகக் கேட்பதில்லை என்று அவரிடம் சொன்னேன்.

“சென்னிண்ணா, நெட்டுல வர்றது கரும்புச் சக்கைங்க. சத்தத்தைப் பிழிஞ்சு அமுக்கித்தான் அனுப்புவான். டிஸ்க்குல ஸ்டுடியோவுல பதிஞ்சது பதிஞ்சபடி இருக்கும். ஒருக்கா கேட்டீங்கன்னா அப்புறம் நெட்டுப் பக்கமே போமாட்டீங்க” என்றார்.

டிஸ்க் எண் 1: கடலுக்கு அடியில் எடுத்த படம். மீனின் செதிலை எண்ணலாம் போலிருந்தது. திமிங்கிலம் வாலை அடித்தபோது சோபாவே அதிர்ந்தது. வசனம் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. வசுவிடம் கேட்டேன். “எனக்கு நல்லாத்தானுங்க கேக்குது” என்றாள். என் மனைவிக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். நான் இருபத்தாறு வருடம் தறியின் சத்தத்தை வைத்தே எது பழுது என்று சொன்னவன். என் காது வேறு.

ஜூன் 12, புதன்

குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு வசு கடைக்குப் போனாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசில் வரவேயில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது. குக்கரின் வெயிட்டை மாற்ற வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

ரசாக் பாய் நேரில் வந்து ஸ்பீக்கர்களை அமைத்துக் கொடுத்தார். மொத்தம் ஐந்து, அதோடு தரையை அதிரவைக்கும் பெட்டி ஒன்று. படத்தின் பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கரில்தான் வருமாம். அதை மட்டும் தனியாக ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். இன்னும் கொஞ்சம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வசுவைப் பார்த்தார்.

“அண்ணா, இதுக்கு மேல ஏத்துனா ஸ்பீக்கர் கிழிஞ்சுருமுங்க.”

“கிழியாது. ஏத்துங்க பாய்.”

ஏற்றிவிட்டு அவர் வெளியே போய் நின்றுகொண்டார். வெயிலில் ஏன் நிற்கிறார் என்று தெரியவில்லை. வசு காதில் பஞ்சு வைத்திருந்தாள். அவளுக்குச் சளி போல.

புதிதாக எட்டு டிஸ்க் சேர்ந்திருக்கிறது. எண் 2 முதல் 9 வரை அட்டைப் பட்டியல் எழுதி ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் படத்தரம், ஒலித்தரம் என்று மதிப்பெண். படத்தரம் எல்லாவற்றுக்கும் ஒன்பது, பத்து. ஒலித்தரம் நாலைத் தாண்டவில்லை. இந்தக் காலத்து நடிகர்களுக்கு வாயைத் திறந்து பேச வருவதில்லை.

ஜூன் 19, புதன்

இனி எல்லாப் படத்தையும் சப்டைட்டில் போட்டே பார்ப்பதாக முடிவு. இங்கிலீஷ் அறிவு வளரும்.

(தமிழ்ப் படத்துக்கும் போட்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க.)

ஜூன் 23, ஞாயிறு

சந்தோஷமான நாள்.

மத்தியானம் டிஸ்க்குகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. சென்னையிலிருந்து சாரு கூப்பிட்டாள். என் ஒரே மகள் சாருலதா, அங்கே கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிள்ளைக்குப் பூனைக்குரல். போதாக்குறைக்கு சிக்னலும் சரியில்லை. ஏதேதோ ரொம்ப நேரம் சொன்னாள். நானும் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது.

“எல்ஈடி வீட்டுக்கு வரட்டுமாப்பா?”

என் கையிலிருந்த டிஸ்க் நழுவப் பார்த்தது. நம் டிவி நாற்பது இன்ச். இந்த டிஸ்க்கெல்லாம் அதில் பார்ப்பது குண்டானில் நீச்சலடிப்பது போல. நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிள்ளை தானாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

“வரட்டும் கண்ணு, தாராளமா வரட்டும்! எனக்கு ரொம்ப நாளு ஆசை” என்றேன்.

அந்தப் பக்கம் அழுவதுபோல் இருந்தது. “இதுக்குப் போயி அழுவாங்களா? நீ சம்பாரிக்கற, உன்ற இஷ்டம்” என்றேன். அவள் என்னவோ சொன்னாள். “தேங்க்ஸ்ப்பா” என்பது மட்டும் கேட்டது. எனக்கு அவள் நன்றி சொல்வதா! வளர்ப்பு அப்படி.

ஜூன் 24, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போது வசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்படிங்க இத்தனை சுளுவா ஒத்துக்கிட்டீங்க?”

“ஒத்துக்காம? நல்ல விஷயந்தானே.”

“உங்க அண்ணன் என்ன சொல்வாரோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க.”

என் அண்ணன் பழனியப்பன் எங்கள் பங்காளிகளுக்கெல்லாம் பெரியவர். அவரைக் கேட்காமல் யாரும் ஒரு கிணறுகூட வெட்ட மாட்டார்கள். ஆனாலும் இதற்கெல்லாமா?

“அண்ணனுக்கும் இதுக்கும் என்ன? வீடு நம்மளுது. வேணும்னா அவரும் வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றேன்.

வசு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களை நான் இத்தனை வருஷமாத் தப்பா நினைச்சுட்டேனுங்க.” மத்தியானம் கறிக்குழம்பு.

ஜூன் 30, ஞாயிறு

சாருவிடம் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். சிரித்தாள். அஞ்சே முக்கால் அடியாம். இன்ச்சுக்கு மாற்றினால் அறுபத்தொன்பது. அப்படி ஓர் அளவு கடையில் கிடையாது. அறுபத்தைந்தாகவோ எழுபத்தைந்தாகவோ இருக்கும்.

அப்புறம் தயங்கித் தயங்கி, “கொஞ்சம் கருப்புப்பா” என்றாள்.

“கருப்புதான் கண்ணு வேணும்! கருப்பு நல்லா ஆழமா இருந்தாத்தான் அழகே. வெளிறிப்போனதையெல்லாம் எவன் பாப்பான்?”

மறுபடி அழுகிறாள். சென்னையில் தனியாக இருந்து ரொம்ப இளகிவிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

டிஸ்க் எண் 17, பாலைவனப் படம். மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து, அவர்கள் வீட்டுச் சாமி படங்கள் ஆணியிலிருந்து ஆடுவதாகச் சொன்னார். அந்தப் பெட்டியின் தரம் அப்படி.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. எப்போதுதான் வரும் என்று வசுவிடம் கேட்டேன். “ஆடி போகட்டுமுங்க. ஆவணியில கூட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் இதைப் பத்தி யாரும் வாயையே தொறக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்” என்றாள்.

ஊரே ஆடித் தள்ளுபடியில் வாங்குகிறது. இவள் ஆடியைத் தள்ளிவிட்டு வாங்கச் சொல்கிறாள். வாங்குகிறவர்கள் இஷ்டம், நான் குறுக்கே பேசவில்லை. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டேன். “மார்த்தாண்டம்” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மார்த்தாண்டத்தில் டிவி செய்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஜூலை 25, வியாழன்

நாற்பத்தேழாம் தறியில் பேரிங் போயிருப்பதாகப் புது சென்சார் காட்டுகிறது என்றார்கள். நான் போய்க் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சென்சார் கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 26, வெள்ளி

நாற்பத்தேழாம் தறி நின்றுவிட்டது. பேரிங் பொடிப்பொடியாக வந்தது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்று படம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மில் விடுமுறை. வசு ஆள் வைத்து வீட்டுக்கு வெள்ளையடித்தாள். புதுத் திரைச்சீலை, புது டம்ளர் செட், புது மிதியடி. ஒரு டிவிக்கு இது அதிகம் என்றாலும் அவளுக்கும் கடைசியில் ஆர்வம் வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் நிறைவு. வீடே ஒரு மாதமாகச் சிரித்த முகமாக இருக்கிறது. சாரு தினமும் போன் செய்கிறாள்.

ஹால் சுவரில் அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் பொதுவாகப் பென்சிலால் கோடு போட்டேன். வசு அழித்துவிட்டாள். மறுபடி போட்டேன். டிஸ்க் எண்ணிக்கை 38.

ஆகஸ்ட் 24, சனி

சாரு வந்துவிட்டாள். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். நாளை பதினொரு மணிக்கு வருகிறதாம். கேட்டை இரண்டு பக்கமும் திறந்து பார்த்தேன். டெம்போ உள்ளே வரும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எதையும் விடாமல் எழுதிவிடுவது என்று தீர்மானம்.

பதினொரு மணிக்கு டெம்போ வரவில்லை. ஒரு கார் வந்தது. என் வயதில் ஒருவர், அவர் மனைவி, உயரமான ஒரு பையன் இறங்கினார்கள். பையன் கையில் அட்டைப்பெட்டி. டிவிக்கு ரொம்பச் சின்னப் பெட்டி. சரி, டிவி பின்னால் வருகிறது, பையன் மாட்டிக் கொடுக்க வந்தவன் என்று நினைத்தேன். அப்பா அம்மாவை ஏன் கூட்டிக்கொண்டு வந்தான் என்ற யோசனை எழாமல் இல்லை. நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டேன். எதையும் ஓரமாகத் தள்ளிவிடுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

“வாங்க தம்பி, செவுரு இதுதான்” என்று பென்சில் கோட்டைக் காட்டினேன்.

பையன் சுவரைப் பார்த்தான். “நல்லா இருக்கு அங்கிள்” என்றான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அட்டைப்பெட்டியில் இருந்தவை தேன் பாட்டில்கள். பெரியவர் பேசினார். அவர் பேச்சு வேகமான தெற்கத்திப் பேச்சு. மேலே ஃபேன் ஓடியது. பையன், பொண்ணு, சந்தோசம் என்று அங்கங்கே ஒரு சொல் விழுந்தது. நான் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சாரு உள்ளேயிருந்து வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வசுவின் கையில் தாம்பாளம், அதில் பூவும் பழமும்.

மார்த்தாண்டம். கொஞ்சம் கருப்பு. அஞ்சே முக்கால் அடி. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. அந்தப் பையனை ஏற இறங்கப் பார்த்தேன். ஓர் இன்ச்கூடக் குறையாமல் அஞ்சே முக்கால் அடிதான். பெரியவரின் சட்டைக்குள் சிலுவை தெரிந்தது. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அண்ணனின் முகம்.

பெரியவர் பேச்சை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோருமே என்னைப் பார்த்தார்கள். என்னவோ கேட்டிருக்கிறார். என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாது.

தலையை ஆட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இரண்டு வருடமாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். மில்லில், கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டால்கூடத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் சாரு என்னைப் பார்த்த பார்வை ஒன்று இருந்தது. அப்படி நம்பிக்கையாக என்னை யாரும் பார்த்ததில்லை. அதை ஏமாற்றி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“ஒரு நிமிஷமுங்க” என்று எழுந்து, சாருவை டிஸ்க் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

“கண்ணு, ஜூன் மாசம் போன்ல என்ற கிட்ட என்ன கேட்டே?”

“எட்வின் வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேம்ப்பா.”

“எனக்கு எல்ஈடின்னு விழுந்துச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. நான் சுவரில் பென்சில் கோடு போட்டதைச் சொன்னேன். இன்ச் கணக்கைச் சொன்னேன். அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

“டிவியா? நீங்க டிவிக்கா சரின்னீங்க?”

“ஆமா.”

“கருப்புதான் அழகுன்னீங்களேப்பா. நான் எட்வின்கிட்ட அதைச் சொல்லி அழுதேன்.”

“அது படத்துல வர்ற கருப்பு, கண்ணு.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போய், சின்னப் பிள்ளையில் பென்சில் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாளே, அப்படி நின்றாள். அப்போது நான் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“எனக்குக் காது கேக்கறதில்லை சாரு. ரொம்ப நாளா.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

“இதுகூட விழுகலை. மொதல்லருந்து சொல்லு. சத்தமாச் சொல்லு.”

“எனக்கு எட்வினைப் புடிச்சிருக்குது! கட்டிக்கிட்டா அவரைத்தான் கட்டிக்குவேன்!”

கத்தினாள். பூனைக்குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஹாலில் பேச்சு நின்றது. எதிர்வீட்டிலும் கேட்டிருக்கும்.

“இது நல்லாக் கேட்டுச்சு” என்றேன். “கண்ணு, அன்னிக்கே இது கேட்டிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். பெரியப்பாவுக்குப் பயந்தாவது சொல்லியிருப்பேன். இப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வர்லை. சரின்னு சொல்லவும் வர்லை. நான் மொதல்ல காதைப் பாத்துக்கறேன். அப்புறம் அந்தத் தம்பிகிட்ட உக்காந்து பேசறேன். ரெண்டு மாசம் குடு.”

ஹாலுக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன், டிவி விஷயம் உட்பட. பையனின் அம்மா சுகந்தி முதலில் திகைத்து, அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரைப் பார்த்து வசு சிரித்தாள். பையன் எழுந்து என்னுடைய பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தான். பெரியவர் ஞானசிகாமணி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை எனக்கு நேர் எதிரில் இழுத்துப்போட்டு, நான் வாயசைவைப் பார்க்கும்படி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“பிள்ளையைக் குடுக்கது சின்னக் காரியம் இல்ல. நீங்க பைய சொல்லுங்க. நாங்க இருப்போம்.”

எல்லோரும் சாப்பிட்டார்கள். பாயசத்துக்கு அவர்கள் தேனையே விட்டாள் வசு. கிளம்பும்போது வருத்தம் யார் முகத்திலும் இல்லை, சாருவைத் தவிர. அவள் ராத்திரி ரயிலுக்குப் போகும்வரை என்னோடு அதிகம் பேசவில்லை. பேசியது கொஞ்சத்தையும் சத்தமாகப் பேசினாள்.

செப்டம்பர் 4, புதன்

கோயமுத்தூரில் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மெஷின் பழுதோ என்று கேட்கலாமா என்று யோசித்து, கேட்கவில்லை. அந்த வழக்கத்தை விட்டாயிற்று.

டாக்டரம்மா ஒரு கோட்டுப்படம் காட்டினார். முழங்குகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. கூர்மையான சத்தம் வரும் இடத்தில் கோடு மலையிலிருந்து குதித்ததுபோல் கீழே போகிறது. திமிங்கிலத்தின் வாலடி கேட்டதும், மகள் பேச்சு கேட்காததும் அதனால்தான். தறி ஷெட்டில் காதடைப்பான் போட்டீர்களா என்று கேட்டார். மில்லில் வருடம் தவறாமல் தந்தார்கள். தறியின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று நான்தான் ஒரு நாளும் போடவில்லை.

வசு கூட வந்திருந்தாள். “உனக்கு எப்பத் தெரியும்?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“ரெண்டு வருஷமாத் தெரியுமுங்க.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னனுங்க. நீங்க டிஸ்க் வாங்குனீங்க.”

செப்டம்பர் 14, சனி

இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டியாயிற்று. சுண்டல் அளவுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் என் செருப்பு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. பேப்பர் சத்தம் போடுகிறது. பொட்டுக்கடலையை நான் மெல்வது அடுத்த வீட்டுக்குக் கேட்கும்போல் இருக்கிறது.

வீட்டில் இன்னொன்று தெரிந்தது. வசு சமையல் செய்யும்போது முணுமுணுவென்று பேசுகிறாள். நின்று கேட்டேன். என்னைத் திட்டுகிறாள். கோர்வையாக, நிதானமாக, ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டதிலிருந்து ஆரம்பித்து. எத்தனை வருடமாக இது நடக்கிறதோ.

“எல்லாம் கேக்குது” என்றேன் வாசற்படியில் நின்று.

கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் பிரமாதம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிளேயரைப் போட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நடு ஸ்பீக்கரை இவ்வளவு ஏற்றியா வைத்திருந்தேன்! வசுவிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ரசாக் பாய்க்குப் போன் போட்டேன். “அன்னிக்கு வெயில்ல போய் நின்னீங்களே பாய்” என்றேன். “வெயில் தேவலாமுங்க” என்றார்.

நாற்பத்தொரு டிஸ்க்கின் ஒலித்தரத்தையும் அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வருத்தமில்லை. வாங்காமலே நாற்பத்தொரு புதுப் படம் கிடைத்த மாதிரி.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சாரு வந்திருக்கிறாள். நான் சொல்லி எட்வினையும் கூட்டி வந்தாள். பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எட்வின் பொரி தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

மாலையில் டிஸ்க் அலமாரியைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, “எனக்கும் இதுன்னா உயிர் அங்கிள்” என்றான். ஓரத்தைப் பிடிக்காமல் டிஸ்க்கின் முகத்தில் விரலை வைத்துப் பிடித்திருந்தான். உயிர் என்கிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான். மலைப் படம் ஒன்றைப் போட்டேன். பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டான்.

அக்டோபர் 12, சனி

காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. சாருவும் எட்வினும் தணிந்த குரலில்தான் பேசினார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, தானாகக் கேட்டது. மெஷின் அப்படி.

“தூங்கிட்டியே எட்வின்! ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்க முடியாதா? அப்பாவுக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?”

“எனக்குப் படமே பிடிக்காது சாரு. நீ சொல்லச் சொன்னேன்னு நேத்து பொய் சொன்னேன். ராத்திரி பூரா ஒரு மாதிரி இருந்தது. நான் அவர்ட்ட சொல்லிருதேன்.”

“சொன்னா அவ்வளவுதான். கெட்டுப்போயிரும்.”

“கெட்டா கெடட்டும். காலத்துக்கும் முழிச்சிருக்க முடியாதுல்லா.”

நான் குழாயை மூடவில்லை. அவன் நேராக வந்து செடிக்குப் பக்கத்தில் நின்றான். “அங்கிள், எனக்குப் படம் பார்க்கிற பழக்கமே இல்ல. நேத்து சொன்னது பொய். மன்னிச்சுக்கிடுங்க” என்றான். கால் நனைந்துகொண்டிருந்தது, நகரவில்லை.

நான் இரண்டு வருடம் கேட்பதுபோல் நடித்தவன். இவனால் ஒரு ராத்திரி தாங்க முடியவில்லை.

“வேற என்ன புடிக்கும் தம்பி?”

“ஃபுட்பால், அங்கிள்.”

“அது டிஸ்க்குல வருமா?”

“வராது. அதெல்லாம் அப்பப்போ பார்த்துட்டு விட்டுரணும்.”

குழாயை மூடினேன். உள்ளே போய் வசுவிடமும் சாருவிடமும் சொல்லிவிட்டேன். தை மாதம் கல்யாணம். சாரு ஒன்றரை மாதத்துக் கோபத்தையும் சேர்த்து என் தோளில் அடித்தாள். வசு மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். ஞானசிகாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நல்லா யோசிச்சாச்சுல்லா?” என்று கேட்டார். யோசித்தாயிற்று என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். இந்த மெஷினில் போன் பேச்சு நேராகக் காதுக்குள்ளேயே வருகிறது. வசு பக்கத்தில் நின்று, கழற்றி வைத்துவிட்டு ம் மட்டும் கொட்டுங்கள் என்று சைகை காட்டினாள். கை மேலே போகத்தான் செய்தது. பிறகு இறக்கிவிட்டேன்.

முழுதாகக் கேட்டேன். இருபது நிமிடம். சாதி, மதம், செத்துப்போன அப்பா, பங்காளிகள் முகம், படிக்க வைத்ததால் வந்த கேடு. எதையும் தவறவிடவில்லை. சில சொற்கள் நன்றாக வலித்தன. அவர் மூச்சு வாங்கியபோது நான் பேசினேன்.

“அண்ணா, நீங்க சொன்னது அத்தனையும் கேட்டுச்சுங்க. ஒரு வார்த்தைகூட விடலீங்க. கல்யாணம் தை மாசம். நீங்க முன்னாடி நின்னு நடத்தணும். நீங்க வர்லைன்னாலும் நடக்கும். ஆனா எனக்கு நல்லா இருக்காதுங்க.”

இத்தனை வயதில் அண்ணனிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.  போனில் அண்ணனுக்குப் பின்னால் அண்ணியின் குரல் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. “என்ன கெழமைன்னு கேளுங்க. தையில நம்ம கரும்பு வெட்டு வேற இருக்குது.”

அண்ணன் போனை வைத்துவிட்டார். கிழமை என்ன என்று நாளை அண்ணிக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் சாரு கூப்பிட்டாள். “பெரியப்பா என்ன சொன்னாருப்பா?” சொன்னேன், மறைக்காமல் சொன்னேன். “நீங்க என்ன சொன்னீங்க?” அதையும் சொன்னேன்.

 அந்தப் பக்கம் மெதுவாக மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அழுவாத கண்ணு.”

“நான் அழுவலயேப்பா.”

சுத்தப் பொய்.